காலாண்டு விரதம்

வடோதரா
11 ஜூன் 2023

நிமு,

ஜெய் ஜினேந்திரா. இதை ஆங்கடியா கிரண்பாய் கையில் கொடுத்தனுப்புகிறேன். வைரப் பொட்டலத்தையே பிரித்துப் பார்க்காமல் ஊர் ஊராகச் சுமக்கிற மனிதர், என் கிறுக்கலையா பிரிக்கப் போகிறார்? படித்ததும் கிழித்துப் போடு. வீட்டில் போன் இல்லை. என்னுடையது, அவருடையது, மைத்ரி பரீட்சைக்குப் படிக்கிற டேப்லெட் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

யார் என்று கேட்காதே. உன் ஆபீசுக்கும் அதே நாள் ஆள் வந்ததாக வக்கீல் பரீக் சொன்னார். வியாழக்கிழமை காலை உன் ஜிஜாஜி சாமாயிகத் தியானம் முடித்து எழுந்திருக்கக்கூட இல்லை, மும்பையிலிருந்து பங்குச்சந்தை ஆணையத்து ஆட்கள் நான்கு பேர் வாசலில் நின்றார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். செருப்பைக் கழற்றினார்கள், தண்ணீர் கொடுத்தேன், குடித்தார்கள். அப்புறம் அதில் ஒரு பெண், மைத்ரியைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள், அவரைப் பார்த்துக் கேட்டாள்.

“உங்க மச்சினர் நிமேஷ் வோரா ராஜ்கோட்டுல ஷேர் தரகர். நீங்க இங்க சாயக் கம்பெனியில நிதித் தலைவர். உங்க காலாண்டுக் கணக்கு மோசமா வர்றப்போல்லாம், அது வெளியில வர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடியே விலை விழும்னு அவர் பந்தயம் கட்டியிருக்கார். நல்லா வர்றப்போ கட்டலை. போன பிப்ரவரியில மட்டும் தவறிப்போச்சு. மத்ததெல்லாம் சரி. எப்படி சார்?”

அவர் முதலில் சிரித்தார். வேறு யாரோ நிமேஷ் என்று நினைத்துக்கொண்டார். அவள் காகிதத்தை நீட்டினாள். அதற்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்க்கவில்லை.

கம்பெனியில் விடுப்பில் போகச் சொல்லிவிட்டார்கள். கணக்கு மூடுகிற வாரங்களில் வீட்டில் அந்தக் கம்பெனியின் பெயரைக்கூட உச்சரிக்காத மனிதர் அவர். “ஆபீஸ் எப்படி?” என்று கேட்டால், “மின்விசிறி ஓடுது” என்பார். அவ்வளவுதான் எனக்குக் கிடைக்கிற சேதி. அவர்கள் போன பிறகு என்னிடம் கேட்டார்: “நீ நிமேஷ்கிட்ட ஏதாவது சொன்னியா?” நான் பொங்கிவிட்டேன். “எனக்கென்ன தெரியும்? உங்க கம்பெனியில சிவப்புச் சாயம் காய்ச்சுறாங்களா நீலம் காய்ச்சுறாங்களான்னுகூடத் தெரியாது!” மைத்ரி தலையில், பெற்ற பெண் தலையில், கை வைத்துச் சத்தியம் செய்தேன். அவர் உடனே என் கையைப் பிடித்து எடுத்துவிட்டார்.

ஆக, உனக்கு உள்ளே வேறு ஆள் இருக்கிறான். கணக்குப் பிரிவில் எவனோ ஒருவன் உன் காசைத் தின்றுவிட்டு இப்போது நல்லவன் மாதிரி உட்கார்ந்திருக்கிறான். அவன் பெயரைச் சொல். அந்தப் பெயர் வந்தால் உன் ஜிஜாஜி தப்பிப்பார். உன்னிடம் வேறு எதுவும் கேட்கவில்லை.

ரூபல்பென்

*

ராஜ்கோட்
15 ஜூன் 2023

ரூபல்பென்,

ஜெய் ஜினேந்திரா. கிரண்பாய் கடிதத்தைக் கொடுத்துவிட்டு டீகூடக் குடிக்காமல் ஓடினார். நம் வீட்டுக்கு வந்து டீ வேண்டாம் என்ற முதல் மனிதர் அவர்தான். ஊரில் சேதி எவ்வளவு வேகமாகப் போகிறது பார்.

ஆள் என்று எவனும் இல்லை, பென். இருந்தால் கூடப்பிறந்த அக்காவிடம் சொல்ல மாட்டேனா? இது என் தொழில். நீ என்னைப் பெரிய திருடன் மாதிரி எழுதியிருக்கிறாய், நான் செய்வது என்னவென்று சொல்கிறேன், கேள்.

ஒரு பங்கு நூறு ரூபாயில் இருக்கிறது. மாதக் கடைசிக்குள் அதைத் தொண்ணூற்றைந்துக்கு விற்கிற உரிமையை இரண்டு மூன்று ரூபாய் கொடுத்து வாங்கி வைக்கிறேன். இதற்குப் பெயர் புட். விலை தடாலென்று விழுந்தால் அந்த மூன்று ரூபாய் பதினைந்து ஆகும். விழாவிட்டால் கொடுத்தது போச்சு, நின்றுபோன கல்யாணத்துக்கு மண்டபத்தில் கட்டிய முன்பணம் மாதிரி. இதில் வித்தை எல்லாம் நேரம்தான். கம்பெனி கணக்கு வெளியிடுகிற நாள் நெருங்க நெருங்க ஊரே பயப்படும், புட் விலை ஏறும். வெளியிட்ட மறுநாள் காலை பயம் போய்விடும், புட்டும் கரையும். அதனால் ஊர் பயப்படுமுன் வாங்க வேண்டும், கணக்கு வந்த காலை சந்தை திறந்த முதல் மணி நேரத்திலேயே விற்றுவிட வேண்டும். ராஜ்கோட்டே மதியம் கடையைச் சாத்திவிட்டுத் தூங்குகிறது. நான் ஒருவன்தான் திரை முன்னால் கண்விழித்து உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு இந்தப் பரிசு.

சாயத்துக்கு மூலப்பொருள் சீனாவிலிருந்து வருகிறது, அங்கே விலை ஏறினால் இங்கே லாபம் இறங்கும், சின்னக் குழந்தைக்கும் தெரியும். அதைப் பார்த்துத்தான் கட்டினேன். விசாரணையில் இதையேதான் சொல்வேன். ஜிஜாஜி தேவாங்குமாரைத் தைரியமாக இருக்கச் சொல். தப்பு செய்யாதவருக்கு என்ன பயம்?

க்ருபாலி கேட்கிறாள், நீ சரியாகச் சாப்பிடுகிறாயா என்று. அவர் சாப்பிடுகிறாரா?

நிமு

*

வடோதரா
2 ஜூலை 2023

நிமேஷ்,

நேற்று முன்தினம் காலை அவர், “இன்னிக்கு எனக்கு ஆயம்பில்” என்றார். மறுநாள் விசாரணை. சரி என்று அந்த விரதச் சமையலுக்குத் தனி அடுப்பு மூட்டினேன். உப்பில்லை, நெய்யில்லை, பாலில்லை, வெல்லமில்லை, காயில்லை. பாசிப்பருப்பு வெந்துகொண்டிருந்தது. இந்த வேலை வந்தாலே எனக்கு எரிச்சல் வரும், உனக்குத்தான் தெரியுமே. யாரிடமாவது புலம்ப வேண்டும் போலிருந்தது. கை தானாகப் போனைத் தேடியது. போன் இல்லை.

யாரிடம் புலம்புவேன் நான்? எப்போதும் யாரிடம் புலம்பினேன்?

கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். முற்பகலில் தவறாமல் கூப்பிடுவாயே. “என்ன பென், இன்னிக்கு என்ன சமையல்?” என்பாய். நான், “எனக்கென்ன, உன் ஜிஜாஜிக்கு ஆயம்பில். தனிப் பாத்திரம், தனி அடுப்பு, என் உயிர் போவுது” என்பேன். “பாவம் பென் நீ” என்பாய். கட்டிக்கொடுத்த பிறகு எந்தத் தம்பி அக்காவின் அடுப்பைப் பற்றித் தினமும் கேட்கிறான் என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் பீற்றிக்கொள்வேன். பைத்தியக்காரி.

சாயங்காலம் அவரிடம் சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டேன். “நீங்க எந்தத் திதி பார்த்து ஆயம்பில் வைக்கிறீங்க? பஞ்சாங்கத்துல ஒண்ணும் பொருந்தலையே.” அவர் என் கையிலிருந்த பஞ்சாங்கத்தை வாங்கி ஆணியில் மாட்டினார். அப்புறம் சொன்னார்: “கணக்கு மோசமா முடியுற அன்னிக்கு வைப்பேன். இத்தனை பேரு பணம் விழப்போவுது. எனக்குத் தெரியும், அவங்களுக்குத் தெரியாது. அன்னிக்கு நெய் ஊத்திச் சாப்பிட மனசு வராது. வேற ஒண்ணுமில்லை.”

இருபத்திரண்டு வருடம் குடும்பம் நடத்துகிறேன். அந்தப் பருப்பை எதற்கு வேகவைக்கிறேன் என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்திருந்தது.

எதற்குக் கேட்டேன் என்று அவரிடம் சொல்லவில்லை. நீ சொல். இல்லை என்று சொல். சீனா, மூலப்பொருள் என்று மறுபடி அளக்காதே. ஆமாம் அல்லது இல்லை.

ரூபல்

*

ராஜ்கோட்
8 ஜூலை 2023

பென்,

ஆமாம்.

முதலில் எல்லாம் தற்செயல்தான், நம்பு. முந்தின வருடத்துக்கு முந்தின வருடம் தீபாவளி கழிந்து பாய்பீஜ் விருந்துக்கு வந்தேனே. எனக்கு ஸ்ரீகண்டும் பூரியும் உந்தியுவும் வைத்தாய். தேவாங்குமார் தட்டில் மட்டும் வெறும் பருப்பு. “பண்டிகையும் அதுவுமா பத்தியமா, மாப்பிள்ளை?” என்று கிண்டல் பண்ணினேன். அவர் சிரித்து மழுப்பினார். அடுத்த வாரம் கம்பெனி கணக்கு வந்தது, பங்கு விழுந்தது. அப்போதும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அடுத்த தடவை நீ போனில் புலம்பிய மறுவாரம் மறுபடி விழுந்தபோதுதான் மண்டைக்குள் மணி அடித்தது.

அதற்குப் பிறகு கேட்டேன். ஒத்துக்கொள்கிறேன். கணக்கு வருகிற மாதங்களில் கேட்பதற்காகவே கூப்பிட்டேன். ஆனால் மற்ற மாதங்களிலும் கூப்பிட்டேனே பென், அது பொய்யில்லை.

பிப்ரவரியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மூன்று நாள் தொடர்ந்து ஆயம்பில் என்றாய், ஞாபகமிருக்கிறதா? ஒரு நாள் வைத்தாலே பங்கு பத்து சதவீதம் விழும். மூன்று நாள் என்றால் கம்பெனியே மூழ்கப் போகிறது என்று நினைத்தேன். நம் வியாபார ஜாதியில் பிறந்தவன் வேறு எப்படி நினைப்பான்? கட்டிய மனைவி க்ருபாலியின் நகையை அடகு வைத்தேன். ஆபீசில் என்னை நம்பி உட்கார்ந்திருக்கிறவர்களின் பணத்தையும் போட்டேன். கணக்கு வந்தது. நல்ல லாபம். மறுநாள் காலை பங்கு எகிறியது, மதியத்துக்குள் என் புட் எல்லாம் குப்பை. அவ்வளவு பெரிய தொகையைப் போட்டதால்தான் ஆணையத்தின் கண்ணில் பட்டேன். ஜெயித்ததில் மாட்டவில்லை, தோற்றதில் மாட்டினேன்.

இப்போது நான் சொல்வதைக் கோபப்படாமல் கேள். இதை விசாரணையில் சொன்னால் என்ன ஆகும் என்று என் வக்கீல் ஜடேஜாவிடம், வேறு யாருக்கோ நடந்தது போலக் கேட்டுப் பார்த்தேன். “எவன் நம்புவான் இந்தப் பருப்புக் கதையை? நம்பினாலும், சேதி மனைவி வழியாக் கசிஞ்சுதுன்னு எழுதி, அந்தப் பொம்பளை பேரைச் சேர்ப்பான்” என்றார். புரிகிறதா? நான் வாயைத் திறந்தால் உன் பெயர் வரும். அதனால்தான் மூடிக்கொண்டிருக்கிறேன். உனக்காகத்தான். அவர்களிடம் ஆதாரம் ஒன்றும் இல்லை, நாம் மூன்று பேரும் பேசாமல் இருந்தால் நாளடைவில் விட்டுவிடுவார்கள்.

உன் தம்பி

*

வடோதரா
16 ஜூலை 2023

நிமேஷ்,

உனக்காகத்தான் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைப் பல தடவை படித்தேன். படிக்கப் படிக்க ஆத்திரம்தான் வருகிறது.

பிப்ரவரியைப் பற்றி நீ எழுதியதைப் படித்ததும் அவரிடம் போனேன். “அந்த மூணு நாள் எதுக்கு வச்சீங்க? அப்போ கணக்கு நல்லாத்தானே இருந்துது?” என்று கேட்டேன். அவர் செய்தித்தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “அது கம்பெனிக்கு இல்லை. உன் டெஸ்ட்டுக்கு.”

உனக்குத் தெரியாது. யாருக்குமே சொல்லவில்லை, அம்மாவின் காதுக்குப் போய்விடக் கூடாது என்று. ஜனவரிக் கடைசியில் எனக்கு இடது மார்பில் ஒரு கட்டி. அகமதாபாத்தில் ஊசியால் குத்தி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பதில் வர மூன்று நாள் ஆகும் என்றார்கள். அந்த மூன்று நாளும் நான் பயத்தில் செத்துக்கொண்டிருந்தேன். அவர் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று மனசுக்குள் அவரைத் திட்டினேன். போதாக்குறைக்கு ஆயம்பில் வேறு, எந்த நேரத்தில் எதைக் கேட்கிறார் பார் என்று உன்னிடம் சொல்லி அழுதேன். கட்டியைப் பற்றிச் சொல்லவில்லை, பருப்பைப் பற்றி மட்டும் சொன்னேன். நீ, “பாவம் பென் நீ” என்றாய். சொல்லிவிட்டுப் போனை வைத்து, புட் வாங்கினாய்.

கெட்ட கட்டி இல்லை என்று பதில் வந்தது. நான் தப்பித்தேன், உன் பணம் போனது. நான் செத்திருந்தால் அந்தப் பங்கு விழுந்திருக்குமா என்றுகூட ஒரு நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். புத்தி இப்படியெல்லாம் போகிறது.

அவரைப் பற்றிச் சொல்கிறேன். எப்படி வெளியே போயிற்று என்று தன்னையே குடைந்துகொண்டிருக்கிறார். கம்பெனி கார் டிரைவர் முன்னால் போனில் பேசினேனோ என்கிறார். காகிதத்தை மேஜையில் விட்டேனோ என்கிறார். போன வாரம் என்னிடம் கேட்டார்: “நான் தூக்கத்துல பேசுறேனா ரூபல்? உண்மையைச் சொல்லு.” இல்லவே இல்லை என்றேன். நம்பவில்லை. சாமாயிகத்துக்கு உட்காரும்போது வாயில் கட்டுகிற முஹபத்தி இருக்கிறதல்லவா, வெள்ளைத் துணி, அதைக் கட்டிக்கொண்டு படுக்கிறார். ஹாலில், தனியாக. மைத்ரி தண்ணீர் குடிக்க எழுந்து அதைப் பார்த்துவிட்டு என் அறைக்கு வந்து அழுதாள்.

என்னால் இதைப் பார்க்க முடியவில்லை. நீ உண்மையை எழுதிக் கையெழுத்துப் போட்டு ஆணையத்துக்கு அனுப்பு. பாய்பீஜிலிருந்து ஆரம்பித்து, பிப்ரவரியையும் சேர்த்து எழுது. அவர் வாய்திறந்து சொல்லியிருந்தால் நீ பிப்ரவரியில் தோற்றிருப்பாயா? பரீக் வக்கீலைக் கேட்டேன், அந்தத் தோல்வி ஒன்றுதான் அவருக்குச் சாட்சி என்றார். ஆனால் ஏன் தோற்றாய் என்று நீதான் சொல்ல வேண்டும், வேறு யார் சொன்னாலும் செல்லாதாம்.

என் பெயரைப் போடு. நான்தான் உளறினேன் என்று போடு. நான் என்ன கலெக்டர் உத்தியோகமா பார்க்கிறேன், போவதற்கு? அபராதம் போட்டால் வளையலை விற்றுக் கட்டுகிறேன். அவரிடமும் நானே சொல்லிவிடுவேன், ஆனால் உன் கடிதம் கையில் இருந்தால் சொல்வது சுலபம்.

எனக்காக என்று ஏதாவது செய்ய வேண்டுமானால் இதைச் செய்.

ரூபல்

*

ராஜ்கோட்
30 ஜூலை 2023

பென்,

கட்டியைப் பற்றிப் படித்துவிட்டு இரண்டு நாள் ஆபீஸ் போகவில்லை. எனக்குத் தெரிந்திருந்தால் சத்தியமாக அப்படிச் செய்திருக்க மாட்டேன். நீ சொல்லியிருக்கலாம். தம்பி என்று எதற்கு இருக்கிறேன்?

நீ கேட்டதை எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டு பக்கம் எழுதினேன். க்ருபாலி பார்த்துவிட்டாள். “இதுல கையெழுத்துப் போட்டா லைசன்ஸ் போவும், ஆபீஸ் போவும். உங்களை நம்பிப் பணம் போட்டவங்க வீட்டு வாசல்ல வந்து நிப்பாங்க. வேணும்னே திருடினவன்னு நீங்களே எழுதிக் கொடுக்கிற மாதிரி. நம்ம பசங்க எந்த ஸ்கூலுக்குப் போவாங்க?” என்று கேட்டாள். அவள் நகையைத் தோற்றவன் நான். அவள் முன்னால் தலை நிமிர்ந்து பேசுகிற யோக்கியதை எனக்கு இல்லை.

கொஞ்சம் பொறு என்றுதான் கேட்கிறேன். ஜடேஜா சொல்கிறார், ஆதாரம் போதாமல் கேஸ் தானாகவே நீர்த்துப்போகும் என்று. அப்படி ஆனால் யாரும் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம், தேவாங்குமாரும் பழையபடி ஆபீஸ் போவார். அவசரப்பட்டு மூன்று பேரையும் குழியில் தள்ளிவிடாதே. அவரை டாக்டரிடம் கூட்டிப் போ, தூக்கத்துக்கு ஏதாவது கொடுப்பார்.

எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. நேரம் பார்த்து எழுதுகிறேன் என்கிறேன்.

நிமு

*

வடோதரா
24 ஆகஸ்ட் 2023

நிமேஷ்,

செப்டம்பர் எட்டாம் தேதி அவரை மும்பைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். கடைசி விசாரணை. அன்று என்ன பதிவாகிறதோ அதை வைத்துத்தான் தீர்ப்பாம். உன் காகிதம் அதற்குமுன் போய்ச் சேர வேண்டும்.

இந்த வருடம் ராக்கி அனுப்பவில்லை. காகிதத்தை அனுப்பு, ராக்கி தானாக வரும்.

அவர் எடை குறைந்துவிட்டது. சட்டை தொளதொளக்கிறது.

ரூபல்

*

ராஜ்கோட்
19 செப்டம்பர் 2023
சம்வத்சரி

பூஜ்ய ரூபல்பென்னுக்கும் தேவாங்குமாருக்கும் மைத்ரிக்கும்,

இந்த வருடத்தில் மனத்தாலும் சொல்லாலும் செயலாலும், தெரிந்தும் தெரியாமலும் உங்கள் மனம் நோகும்படி நான் ஏதாவது செய்திருந்தால், கை கூப்பி மன்னிப்புக் கேட்கிறேன். மிச்சாமி துக்கடம்.

நிமேஷ், க்ருபாலி, குழந்தைகள்

பின்குறிப்பு: பென், எட்டாம் தேதி என்ன ஆயிற்று என்று யாரும் சொல்லவில்லை. ஜடேஜாவிடம் கேட்டால் “உங்களுக்கு நல்ல செய்தி வரும் போலிருக்கு” என்று சிரிக்கிறார். என்ன என்று சொல்ல மாட்டேன் என்கிறார். நான் எழுதி முடித்து வைத்திருக்கிறேன், கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. தேவைப்படுமா? ஒரு வரி எழுது.

*

வடோதரா
24 செப்டம்பர் 2023

நிமேஷ்,

ஒரு வரி போதாது. ஆனால் இதுதான் கடைசி, அதனால் முழுசாக எழுதுகிறேன்.

ஏழாம் தேதி வரை கிரண்பாய்க்குக் காத்திருந்தேன். மூன்று நாள் அவருடைய ஆபீசுக்கே போய் நின்றேன். “ராஜ்கோட்டிலேருந்து ஒண்ணும் வரலை பென்” என்று அவர் சொல்லும்போது அவருக்கே வெட்கமாக இருந்தது. அன்று சூரியன் மறைவதற்குள் உன் ஜிஜாஜி சாப்பிட்டு முடித்தார். மும்பைக்கு ரயில் ஏறுமுன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். போன், பருப்பு, பாய்பீஜ், பிப்ரவரி. அழவில்லை. அழுதால் அவர் என்னைத் தேற்ற ஆரம்பித்துவிடுவார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அந்த மூணு நாளையும் சொன்னியா?” என்று கேட்டார். சொன்னேன் என்றேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “நிமேஷுக்கு எவ்வளவு போச்சு?” என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். “பாவம், பொண்டாட்டி நகையா?” என்றார். இதை உனக்கு வலிக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

நானும் கூட வருகிறேன், நானே அவர்களிடம் சொல்கிறேன் என்றேன். சரி என்றார். ஸ்டேஷனில் டிக்கெட்டைக் காட்டச் சொன்னேன். ஒரே ஒரு டிக்கெட்தான் இருந்தது. “மைத்ரி தனியா இருப்பா” என்று சொல்லி ஏறிவிட்டார்.

பரீக் வக்கீல் திரும்பி வந்து சொன்னார். அந்தப் பெண் அதிகாரி வழக்கம்போல, “நிமேஷ் வோராவுக்கு யார் சொன்னது?” என்று கேட்டாளாம். இவர், “நான்தான் சொன்னேன்” என்றாராம். பரீக் நாற்காலியிலிருந்து எழுந்து கத்தியிருக்கிறார். இவர் அவர் கையை அமுக்கி உட்கார வைத்துவிட்டு, எழுதிக்கொண்டு வரச்சொல்லி, படித்துப் பார்த்து, ஒரு எழுத்துப் பிழையைத் திருத்திக் கையெழுத்துப் போட்டாராம்.

வீட்டுக்கு வந்ததும் நான் அவர் சட்டையைப் பிடித்துவிட்டேன். “ஏன் பொய் சொன்னீங்க? வாழ்நாள்ல ஒரு பொய் சொன்னதில்லையே நீங்க!” என்று கத்தினேன். அவர் கோபப்படவில்லை. “பொய் இல்லை ரூபல்” என்றார். “யோசிச்சுப் பார்த்தேன். சேதி எங்கேருந்து கிளம்புச்சு? என் வயித்துலேருந்து. அன்னிக்கு நான் எல்லாரையும் போலச் சாப்பிட்டிருந்தா உனக்கும் தெரியாது, நிமேஷுக்கும் தெரியாது. ஊர் பணம் விழுதேன்னு வருத்தப்பட்டவன் அதை மறைச்சு வைக்கத் தெரியாம தட்டுல வச்சிக் காட்டினேன். அப்போ சொன்னவன் நான்தானே?”

மறுநாள் பரீக்கிடம் போனேன். நான் மும்பைக்குப் போய் உண்மையைச் சொல்கிறேன் என்றேன். “கணவன் ஒத்துக்கிட்ட பிறகு மனைவி வந்து பருப்புக் கதை சொன்னா, காப்பாத்த வந்திருக்கான்னு சிரிப்பாங்க அம்மா. மச்சினன் முதல்லயே எழுதிக் கொடுத்திருந்தா வேற” என்றார்.

கம்பெனி அவரை நீக்கிவிட்டது. இனி எந்தக் கம்பெனியிலும் கணக்குப் பார்க்க முடியாது. கிரிமினல் கேஸும் போடுவார்களாம். உன் வக்கீல் சிரிக்கிற நல்ல செய்தி இதுதான்: சொன்னவன் ஒத்துக்கொண்டதால், கேட்டவனுக்கு அபராதத்தோடு போய்விடுமாம். உன் ஆபீஸ் பிழைத்தது. கையெழுத்துப் போடாத அந்தக் காகிதத்தை நீயே வைத்துக்கொள்.

இப்போது அவர் முஹபத்தி கட்டிக்கொண்டு படுப்பதில்லை. தூங்குகிறார். ஆனால் ஆயம்பிலும் வைப்பதில்லை. பர்யூஷண் எட்டு நாளும், ஊரே உபவாசம் இருந்தபோது, மேஜைக்கு வந்து போட்டதைச் சாப்பிட்டார். நெய் ஊற்றினேன், ஊற்றவிட்டார். இது வேண்டாம், அது வேண்டாம் என்று ஒன்றும் சொல்வதில்லை. சின்ன வயசிலிருந்து அவருக்கு இருந்த ஒரே துணை அந்த விரதம். அதையும் எடுத்துவிட்டோம், நீயும் நானும்.

சம்வத்சரி அன்று பிரதிக்கிரமணப் பிரார்த்தனை முடிந்து எல்லாரிடமும் கை கூப்பினார். வாட்ச்மேனிடம், பால்காரரிடம், மைத்ரியிடம், என்னிடம். கம்பெனியில் தன்னை நீக்கியவரைக்கூடப் பக்கத்து வீட்டுப் போனிலிருந்து கூப்பிட்டு மிச்சாமி துக்கடம் சொன்னார். உன் கடிதம் வந்ததும் படித்துவிட்டு, “நான் மன்னிச்சிட்டேன், என்னையும் மன்னிக்கச் சொல்லு” என்றார். சொல்லிவிட்டேன். அவருடையது உனக்கு வந்து சேர்ந்தது.

என்னுடையது வராது. சம்வத்சரியைத் தாண்டி மனசில் வைத்திருக்கிற கோபம் அடுத்த பிறவிகளுக்கும் கூடவே வரும் என்று சாத்வீஜி வருடா வருடம் சொல்வதை நானும்தான் கேட்டு வளர்ந்தேன். அது தெரிந்துதான் வைத்துக்கொள்கிறேன். இனி கிரண்பாயிடம் எதுவும் கொடுத்தனுப்பாதே. வாங்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.

ரூபல்